செடிய பிடுங்கிப் போடுற மிருகம் தேடி வர்றது செடிய இல்ல

நீங்க கேட்டதை ஒருதரம் சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் பதில் புரியும். நட்டு ரெண்டு வாரம் ஆன கத்தரி, மிளகாய் நாத்தெல்லாம் தினமும் காலைல வேரோட வெளிய கெடக்கு, இலைய ஒரு கடி கூட கடிக்கல, குழி மட்டும் தோண்டியிருக்கு, மிளகாப்பொடி தூவினீங்க, அந்துருண்டை போட்டீங்க, நாலு நாள் நின்னுச்சு, அஞ்சாம் நாள் மறுபடி ஆரம்பிச்சிருச்சு, இப்ப விஷம் வச்சிரலாமான்னு யோசிக்கிறீங்க. விஷம் வேண்டாம், தயவு செஞ்சு வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன். அதுக்கு முன்னாடி, உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. "இலைய கடிக்கவே இல்ல"ன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியமான விஷயம். செடிய திங்க வர்ற மிருகம் செடிய திங்கும். பிடுங்கிப் போட்டுட்டுப் போற மிருகத்துக்கு செடி ஒரு இடைஞ்சல், அவ்ளோதான். அது தேடுறது செடிக்கு அடியில இருக்கு.

எனக்கு இது புரியவே ரெண்டு சீசன் ஆச்சு. வேலி போட்டேன், வாசனை போட்டேன், ராத்திரி லைட் போட்டேன், ஒண்ணும் நிக்கல. ஒருநாள் விடியக்காலைல போனப்ப ஒரு கத்தரி நாத்து அப்பதான் சாஞ்ச மாதிரி கெடந்துச்சு, வேர்ல மண் இன்னும் ஈரமா ஒட்டிட்டு இருந்துச்சு. பக்கத்துல குழி, புனல் மாதிரி மேல அகலமா கீழ குறுகலா ஒரு ஜாண் ஆழம். ஒரு குச்சியால ஓரத்து மண்ண மெதுவா தள்ளிப் பாத்தேன், பாதியா கடிபட்ட ஒரு புழு, வெள்ளையா, கட்டைவிரல் தடிமன்ல, வளைஞ்சு கெடக்கு, தலை மட்டும் செம்பழுப்பு. இன்னொரு ரெண்டு இஞ்ச் தள்ளி முழுசா ஒண்ணு. அந்த பாத்தில நான் போட்டிருந்த தொழு உரத்துல இருந்து வந்த புழு அது. நானே விருந்து வச்சு கூப்பிட்டு நானே விரட்டிட்டு இருந்திருக்கேன்.

அதனால முதல்ல நீங்க பாக்க வேண்டியது குழிக்குள்ள என்ன போட்டீங்கன்னு. எலும்புத்தூள் போட்டீங்களா? மீன் கழிவு, மீன் அமிலம் ஊத்துனீங்களா? சரியா மக்காத சாணம் போட்டீங்களா? சமையலறை கழிவ நேரா மண்ணுல புதைச்சீங்களா? இதுல ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு சொன்னா காரணம் அங்கயே இருக்கு. மோப்ப சக்தி உள்ள எல்லா மிருகத்துக்கும் எலும்புத்தூளும் மீனும் அழைப்பிதழ் மாதிரி. முள்ளம்பன்றி செடி, கிழங்கு, பட்டை திங்குற மிருகம்தான், ஆனாலும் கால்சியத்துக்காக காட்டுல கெடக்குற எலும்ப எடுத்துட்டுப் போய் வளைக்குள்ள வச்சு கடிக்கும். நாத்து நடுற குழில எலும்புத்தூள் போடுற பழக்கத்த விட்டுடுங்க, மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேணும்னா நல்லா மக்குன கம்போஸ்ட் போதும். ஆமணக்கு புண்ணாக்கு போட்டா எலி வராதுன்னு சிலர் சொல்லுவாங்க, அதுல ரிசின்ங்கிற கடுமையான விஷம் இருக்கலாம், நாய் அத ருசிச்சு தின்னு செத்துப் போனது நிறைய நடந்திருக்கு. வீட்ல நாயோ சின்ன குழந்தையோ இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, வேப்பம்புண்ணாக்கு போதும்.

புழு விஷயத்துல ஒரு சின்ன பரிசோதனை சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது. மண்ணுல கெடைக்கிற வெள்ளைப்புழு எல்லாமே வேர திங்குறது இல்ல. ஒரு புழுவ எடுத்து சமமான தரையில வைங்க. காலெல்லாம் மேல பாத்து இருக்க, முதுகாலயே நெளிஞ்சு நெளிஞ்சு நகர்ந்து போனா அது பூவண்டு வகையோட புழு, மக்குற குப்பைய தின்னு உரமாக்குறது, செடிக்கு கெடுதல் இல்ல, அத கம்போஸ்ட் குழிக்கே திருப்பி அனுப்பிடுங்க. வளைஞ்சு ஒருபக்கமா சாஞ்சு கெடந்தா வேர்ப்புழுவா இருக்க வாய்ப்பு அதிகம். விரல் தடிமனுக்கு பெருசா இருந்தா காண்டாமிருக வண்டோட புழுவா இருக்கலாம், அது மக்குற பொருளத்தான் திங்கும், ஆனா வண்டானதும் தென்னைய பதம் பாத்துடும். நல்ல புழுவோ கெட்ட புழுவோ, தோண்டுற மிருகத்துக்கு எல்லாமே ஒண்ணுதான். அதனால உரத்த பாத்தில போடுறதுக்கு முன்னாடி ஒரு ஷீட்ல பரப்பி புழுவ பொறுக்கிடுங்க, இல்ல சல்லடைல சலிச்சுப் போடுங்க. வேர்ப்புழு நிறைய இருந்தா மெட்டாரைசியம்னு ஒரு பூஞ்சை பொடி கெடைக்குது, மண்ணுல கலந்தா புழு மேல முளைச்சு அத கொன்னுடும், ஈரம் இருக்கணும், வெயில் நேரா படக்கூடாது. இது ஒண்ணும் புது விஷயம் இல்ல, 1879-லயே மெச்னிகாஃப்ங்கிற ரஷ்ய விஞ்ஞானி கோதுமைய நாசம் பண்ற வண்டு மேல இந்தப் பூஞ்சைய கண்டுபிடிச்சு எழுதியிருக்கார். அதே ஆள்தான் பின்னாடி 1908-ல நோய் எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சிக்கு நோபல் வாங்கினவர்.

மண்புழுவ மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. அது இருக்குறது நல்ல மண்ணுக்கு அடையாளம். அதுக்காக வர்ற மிருகத்த தடுக்க ஒரு எளிய வழி இருக்கு, தண்ணி விடுற நேரத்த மாத்துங்க. சாயங்காலம் தண்ணி விட்டா ராத்திரி பூரா மேல்மண் மெதுமெதுன்னு இருக்கும், மண்புழுவும் மேல வரும், வாசனையும் கெளம்பும். சுத்தி எல்லாம் காஞ்சு இறுகிக் கெடக்கும்போது உங்க பாத்தி மட்டும் நனைஞ்சு இருந்தா எந்த மிருகமும் அங்கதான் வரும். விடியக்காலைல விடுங்க, பொழுது சாயறதுக்குள்ள மேல ஒரு விரக்கடை காஞ்சிரும். இது ஒண்ணே சில பேருக்கு பிரச்சனைய பாதியா கொறைச்சிருக்கு.

சரி, வர்றது யாருன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? பொழுது சாயறப்ப பாத்திய சுத்தி ஒரு முழம் அகலத்துக்கு மண்ண சமப்படுத்தி, மேல சன்னமான மணல சலிச்சுத் தூவி விடுங்க. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போய் பாருங்க, வெளிச்சம் சாய்வா விழும்போதுதான் தடம் தெளிவா தெரியும். பிளவுபட்ட குளம்பு தடம், மண் கலப்பை போட்டு உழுத மாதிரி அகலமா பொரட்டி இருந்தா காட்டுப்பன்றி, அது தோண்டுறது காலால இல்ல, மூக்கால. அங்கங்க சின்னச் சின்னதா புனல் மாதிரி குழி, நக அடையாளம், செடி சாஞ்சிருக்கு ஆனா கடிபடலன்னா, பகல்ல நடந்திருந்தா கீரியா இருக்கலாம், ராத்திரில நடந்திருந்தா மரநாயா இருக்கலாம். கிழங்க மட்டும் குறிவச்சு தோண்டி, மரத்தோட அடிப்பட்டைய பெரிய பல்லால சுரண்டியிருந்தா முள்ளம்பன்றி, பக்கத்துல முள்ளும் உதிர்ந்து கெடக்கலாம். செடி உள்ள இழுத்த மாதிரி மண்ணுக்குள்ள போயிருக்கு, பக்கத்துல வாய் அகலமான வளை, அதோட வாசல்ல புதுமண் குவிஞ்சு கெடக்குன்னா பெருச்சாளி. தொட்டில ரெண்டு இஞ்ச் ஆழத்துக்கு சின்னச் சின்ன குழி, அதுவும் பகல்ல நடந்திருந்தா அணில். செடியோட சேத்து மண்ணையும் பின்னால வாரி இறைச்சிருந்தா மயில் மாதிரி பறவை. உங்க விவரத்த வச்சுப் பாத்தா, ராத்திரில நடக்குது, கடிக்கல, ஒரு நாத்துக்கு ஒரு குழின்னு இருக்கு, புழு தேடுற மிருகம்தான், பெருச்சாளி இல்ல. மணல் போட்டு உறுதி பண்ணிக்கோங்க. ராத்திரி நேர்ல பாக்கணும்னா டார்ச்சுக்கு மேல சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டிட்டு தூரமா உக்காந்து பாருங்க, ராத்திரி நடமாடுற பாலூட்டிகள்ல நிறையவற்றுக்கு சிவப்பு வெளிச்சம் அவ்வளவா உறைக்காது. வளைக்குள்ள மட்டும் வெறுங்கைய விட்டுடாதீங்க, எலி காலி பண்ணுன வளைல பாம்பு குடியிருக்கும்.

இப்ப அந்த நாலு நாள் கதை. மிளகாப்பொடி நாலு நாள் வேலை செஞ்சுது, அப்புறம் செய்யல, ஏன்? எலி, பெருச்சாளி மாதிரி மிருகங்களுக்கு புதுசா எத பாத்தாலும் பயம், பழகின பாதையில புது பொருள், புது வாசனை இருந்தா சில நாள் ஒதுங்கிப் போகும், ஆபத்து இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்துடும். மத்த மிருகங்களும் கொஞ்சம் அப்படித்தான். அதனாலதான் யார கேட்டாலும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வைத்தியம் சொல்றாங்க, பூண்டு தண்ணி, பழைய சிடி, மனுஷ முடி, சோப்பு துண்டு, எல்லாமே முதல் வாரம் வேலை செய்யும், எல்லாருமே உண்மையத்தான் சொல்றாங்க, ஆனா முதல் வாரத்தோட நிறுத்திடுறாங்க. மிளகாய்ல இருக்குற கேப்சைசின் பாலூட்டிகளோட நரம்புல சூடு உணர்ற அதே இடத்துல போய் ஒட்டும், அதனாலதான் நமக்கு எரியுது. அந்த இடத்துக்கு உணர்வான்னு பேரு, அத 1997-ல கண்டுபிடிச்ச அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல நோபல் கெடைச்சுது. பறவைகளோட உடம்புல அந்த உணர்வான் கேப்சைசினுக்கு மசியாது, அதனால மயிலுக்கும் கிளிக்கும் மிளகாப்பொடி தூவுறது வீண். பாலூட்டிகளுக்கும் ஒரு மழை, ஒரு தண்ணி பாய்ச்சல் வரைக்கும்தான் தாங்கும், காத்துல பறந்து உங்க கண்லயும் விழும்.

அந்துருண்டைய இன்னைக்கே பொறுக்கி எடுத்துடுங்க. அது நாஃப்தலீன், பூட்டின பெட்டிக்குள்ள துணிக்கு வைக்கிறதுக்கு செஞ்சது. திறந்த வெளியில மிருகத்த விரட்டுற அளவுக்கு ஆவி நிக்காது, ஆனா மண்ணுலயும் காய்கறி பாத்திலயும் சேரும், மிட்டாய்னு நெனச்சு குழந்தை வாயில போட்டா ரத்த சிவப்பணுவே உடையுற அளவுக்கு ஆபத்து. அல்ட்ராசானிக் கருவி வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, அதுக்கும் சேத்து சொல்லிடறேன். அந்த சத்தம் காத்துல சீக்கிரம் கரைஞ்சிடும், செடி, சுவர், மண்ணு எத தாண்டியும் போகாது. 2001-லயே அமெரிக்காவோட மத்திய வர்த்தக ஆணையம் இத தயாரிக்கிற, விக்கிற 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை கடிதம் அனுப்பியிருக்கு. அந்த காசுக்கு கம்பிவலை வாங்குங்க.

கம்பிவலைதான் கடைசில நிக்கிறது. ஆனா பெரும்பாலானவங்க தப்பான வலைய தப்பான மாதிரி போட்டுட்டு வலை வேலை செய்யலன்னு சொல்றாங்க. ஆறு மூலை ஓட்டை போட்ட கோழிவலை மெல்லிசு கம்பி, ரெண்டு மழைல துருப்பிடிக்கும், பெருச்சாளி கடிச்சே போயிடும். உங்களுக்கு வேண்டியது கால்வனைஸ் பண்ண (துத்தநாகம் பூசின) வெல்டு மெஷ், அதாவது கம்பிய குறுக்கும் நெடுக்குமா வச்சு பத்தவச்ச வலை, ஓட்டை அரை இஞ்ச் சதுரம். சுண்டெலியும் வரக்கூடாதுன்னா கால் இஞ்ச், ஏன்னா சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். நாத்து நட்ட பாத்திக்கு வேலி எல்லாம் வேண்டாம், வலைய தரையோட தரையா பாத்தி மேல விரிச்சு, நாத்து இருக்குற இடத்துல மட்டும் கட்டர்ல ஒரு கையகல ஓட்டை வெட்டி செடிய அதுவழியா விட்டுடுங்க, வலையோட ஓரத்த நாலு பக்கமும் மண்ணுக்குள்ள அரை அடி இறக்கி வளைஞ்ச கம்பிய வச்சு குத்திடுங்க. வெட்டுன முனைய உள்பக்கமா மடக்கி விடணும், இல்லன்னா தண்டுலயும் கிழிக்கும், களை எடுக்கும்போது உங்க கையிலயும் கிழிக்கும். மேல காஞ்ச இலை, வைக்கோல்னு மூடாக்கு போட்டா வலை இருக்குறதே தெரியாது. நகத்தால தோண்ட வர்ற மிருகம் ரெண்டு தடவ கம்பில நகம் மாட்டுனா வேற இடம் பாத்துக்கும். வேர் நல்லா பிடிச்சு தண்டு பென்சில் கனம் ஆனதும் வலைய எடுத்துடலாம், பிடுங்குற ஆபத்து முதல் ஆறேழு வாரம்தான்.

வலை வாங்க முடியலன்னா கல்லு. உள்ளங்கை அளவு தட்டைக் கல்லு மூணு எடுத்து தண்ட சுத்தி நெருக்கமா வைங்க, நடுவுல தண்டுக்கு விரல் அளவு இடம் விட்டு. தொட்டில அணில் தோண்டுறதுக்கு இதவிட நல்ல வைத்தியம் இல்ல, ஈரமும் காக்கும்.

வேலியாவே போடணும், தோட்டம் முழுக்க காக்கணும்னா ஒரே ஒரு விஷயத்த மறக்காதீங்க. வலைய நேரா கீழ புதைச்சா மட்டும் போதாது. ஒரு அடி கீழ இறக்கி அங்கருந்து வெளிப்பக்கமா ஒரு அடி மடக்கி படுக்கப் போட்டு மண்ண மூடுங்க, எல் எழுத்து மாதிரி. தோண்டுற மிருகம் எப்பவும் வேலியோட அடிய ஒட்டித்தான் ஆரம்பிக்கும், கீழ படுத்திருக்குற வலைல முட்டும், ஒரு அடி பின்னாடி போய் தோண்டலாம்னு அதுக்கு தோணாது. உள்பக்கமா மடக்கிப் போட்டா இந்த பலன் இல்ல. கிழங்குக்கு மேட்டுப்பாத்தி கட்டுறதா இருந்தா கட்டும்போதே அடியில வலைய விரிச்சு ஓரத்துல ஆணி அடிச்சிருங்க, மேல ஒன்றரை அடி மண் போடுங்க, அடியில இருந்து பெருச்சாளி வர வழியே இல்ல. ஒவ்வொரு கிழங்கையும் சின்ன கூண்டுக்குள்ள நடுறது மட்டும் செய்யாதீங்க, கிழங்கு பெருக்கும்போது கம்பிக்குள்ள மாட்டி வெடிச்சிடும்.

காட்டுப்பன்றிக்கு இது எதுவும் பத்தாது. அதுக்கு கனமான கம்பி, உறுதியான கம்பம், இல்லன்னா சோலார் மின்வேலி. மின்வேலின்னா அதுக்குன்னே செஞ்ச கருவி மூலமா நொடிக்கு ஒருதரம் சின்ன துடிப்பா வர்ற மின்சாரம், சுருக்குன்னு அடிக்கும், உயிர எடுக்காது. பன்றிக்கு கம்பி தாழ்வா இருக்கணும், தரையில இருந்து ஒரு முக்கால் அடியில ஒண்ணு, ஒன்றரை அடியில ஒண்ணு, மூக்கு படுற உயரத்துல. கம்பில புல் தொட்டா மின்சாரம் தரைக்குப் போயிடும், அதனால அடிய சுத்தமா வச்சுக்கணும். வீட்டு லைன்ல இருந்து நேரா வயர் இழுத்து வேலிக்கு கொடுக்குறவங்க இன்னும் இருக்காங்க. அது கொலை, வேற வார்த்தையே இல்ல. யானையும் சாகுது, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற மனுஷனும் சாகுறான். குட்டியோட இருக்குற பன்றிய விரட்ட நேர்ல போகாதீங்க. முள்ளம்பன்றி முள்ள எறியாது, அது வெறும் கதை, ஆனா திரும்பி நின்னு பின்பக்கமாவே பாஞ்சு வந்து குத்தும், நாய ஏவி விட்டா நாய்தான் மூஞ்சியெல்லாம் முள்ளோட வரும். அதுக்கு ரெண்டரை அடி உயரத்துக்கு தகரமோ கனமான மெஷ்ஷோ போதும், ஏறுறதுல அது கெட்டிக்காரன் இல்ல.

விஷத்துக்கு வர்றேன். உங்க பாத்தில தோண்டுறது மரநாயா இருந்தா, விஷம் வச்சு அத கொன்னா, அது பிடிச்சுட்டு இருந்த எலியெல்லாம் பெருகும், மறு சீசன் வேரையே கடிக்கிற மிருகம் வரும். எலிக்கே வச்சாலும் விஷம் தின்ன எலி உடனே சாகுறதில்ல, ரத்தம் உறையாம தடுக்குற வகை விஷத்துல மூணு நாலு நாள் தள்ளாடிட்டு திரியும், அப்ப அத சுலபமா பிடிக்கிறது ஆந்தையும் பூனையும்தான், அதுங்களும் சாகும். கூகைன்னு சொல்ற ஆந்தை ஒரு ராத்திரில பிடிக்கிற எலிய நாம ஒரு வாரத்துல பிடிக்க மாட்டோம். இஸ்ரேல்ல 1980-கள்லயே வயல்ல கூகைக்கு கூடுப்பெட்டி வச்சு எலிய கட்டுப்படுத்த ஆரம்பிச்சாங்க, மலேசியால பாமாயில் தோட்டங்கள்ல அதையே பெரிய அளவுல செஞ்சாங்க. கூகைய பாத்தா அபசகுனம்னு கல்லெறியாம விட்டாலே போதும். இது போக, காட்டு மிருகத்த கொல்றது மட்டும் இல்ல, பிடிச்சு வேற இடத்துல விடுறது கூட நிறைய நாடுகள்ல சட்டப்படி தப்பு, தெரியாத இடத்துல விட்ட மிருகம் பெரும்பாலும் பிழைக்கிறதும் இல்ல.

தடம் பாத்ததுல பெருச்சாளிதான்னு உறுதியானா மட்டும் பொறி வைங்க. எல்லா வளையையும் மண்ணால மூடிட்டு மறுநாள் எது திறந்திருக்கோ அதுதான் குடியிருக்குற வளை, அது பக்கத்துல பொறிய வைங்க. முதல் மூணு நாலு நாள் பொறிய கட்டாம சும்மா திறந்தே வச்சு உள்ள தீனி மட்டும் போடுங்க, பயம் தெளிஞ்சு தின்னு பழகட்டும், அப்புறம் கட்டுங்க. கையில கிளவுஸ் இல்லாம பொறியையும் அந்த மண்ணையும் தொடாதீங்க, எலி மூத்திரத்துல இருந்து எலிக்காய்ச்சல் வரும், கையில சின்ன கீறல் இருந்தா போதும்.

கடைசியா, பிடுங்கிக் கெடக்குற நாத்த தூக்கி எறியாதீங்க, அதுல பாதிக்கு மேல காப்பாத்திடலாம், வெயில் ஏறுறதுக்குள்ள கைக்கு வந்துட்டா. வேர் காயறதுதான் எமன், மத்ததெல்லாம் சமாளிக்கலாம். பாத்த உடனே வேர்ல ஒட்டியிருக்குற மண்ண உதறாம ஒரு வாளி தண்ணில வேர் மட்டும் முழுகுற மாதிரி நிழல்ல வைங்க. அடி இலைல பாதிய கிள்ளிடுங்க, ஒடிஞ்ச வேர் இத்தனை இலைக்கு தண்ணி ஏத்த முடியாது. சாயங்காலம் வரைக்கும் தண்ணிலயே இருக்கட்டும். அதுக்குள்ள அந்த குழிய நல்லா கிளறி இருக்குற புழுவ பொறுக்கிடுங்க, இல்லன்னா இன்னைக்கு ராத்திரியும் அதே குழிக்குத்தான் வரும். முன்ன நட்டதவிட ஒரு இஞ்ச் ஆழமா நட்டு, குதிகாலால இல்ல, ரெண்டு கை கட்டைவிரலால சுத்தி அமுக்கி, ஒரு செம்பு தண்ணி அடியில மட்டும் ஊத்தி, ஈரம் இழுத்ததும் மேல காஞ்ச மண்ண தூவி கல்லையோ வலையையோ வச்சிடுங்க. மூணு நாள் ஒரு ஓலையோ பழைய துணியோ நிழலுக்கு கட்டுங்க. முதல் நாள் தொங்கித்தான் இருக்கும், பயப்படாதீங்க. ரெண்டாம் நாள் காலைல நுனிக்குருத்து மட்டும் நிமிர்ந்திருந்தா செடி பிடிச்சிருச்சு, கீழ் இலை உதிர்ந்தா உதிரட்டும்.